பிரீ-சீசன் நட்பு ஆட்டங்கள்: டிக்கெட் விலை பற்றிய உங்கள் கேள்விகள்

இங்கிலாந்தின் சின்னக் கால்பந்து கிளப்புகள், லீக் சீசன் தொடங்கும் முன் பயிற்சிக்காக ஆடும் ஜூலை மாத நட்பு ஆட்டங்களுக்கான விலையை அறிவிக்கத் தொடங்கியதும் கேள்விகள் குவிந்துவிட்டன. தெற்கு லண்டனில் ஒரு நான்-லீக் கிளப்பில் வாசல் டிக்கெட்டையும் கணக்கையும் தன்னார்வலராகப் பார்ப்பவன் என்பதால் என்னைப் பதில் சொல்லச் சொன்னார்கள். புதியவர்களுக்கு ஒரு வரி: பிரீமியர் லீக், அதற்கடுத்த மூன்று ஈஎஃப்எல் (இங்கிலீஷ் ஃபுட்பால் லீக்) பிரிவுகள், இவற்றுக்குக் கீழே ஐந்தாம் அடுக்கிலிருந்து ஆடும் கிளப்புகளைத்தான் நான்-லீக் என்கிறோம்.

கேள்வி (குரோய்டன்): புள்ளி கிடையாது, கோப்பை கிடையாது. இடைவேளைக்குப் பிறகு பதினோரு பேரையும் மாற்றிவிடுகிறார்கள். பயிற்சி ஆட்டத்துக்கு எதற்கு அண்ணா காசு?

ஏப்ரல் கடைசியில் சீசன் முடிந்தால் ஆகஸ்ட் வரை வாசலில் ஒரு பவுண்டு கூட வராது. ஆனால் கிளப்பின் பெரிய செலவு ஒன்று சரியாக அந்த நேரத்தில்தான் வரும். மே, ஜூனில் மைதானத்தின் மேல்புல்லைச் சுரண்டி எடுத்து, மணல் பரப்பி, புது விதை போட்டு, முளைக்கும் வரை தண்ணீர் விட வேண்டும். அதைத் தள்ளிப்போட்டால் நவம்பர் மழையில் மைதானம் சேறாகி, லீக் ஆட்டங்களே தள்ளிப்போகும்.

நட்பு ஆட்டம் நடத்தவும் செலவு உண்டு. நடுவருக்கும் இரண்டு துணை நடுவர்களுக்கும் கட்டணம், முதலுதவி ஆள், மாலை ஆட்டமென்றால் விளக்கு, வந்த அணிக்குச் சாப்பாடு, சில சமயம் அவர்களுடைய பஸ் செலவில் பங்கு. பெரிய கிளப்புகளுக்குத் தொலைக்காட்சிப் பணம் வருவது போல நமக்கு வராது. வாசலும் பாரும் தேநீர்க் கடையும்தான் வருமானம்.

அதற்காக லீக் ஆட்ட விலையையே கேட்பதை நான் ஏற்க மாட்டேன். ஏழாம் அடுக்கில் லீக் ஆட்டத்துக்குப் பெரியவர்களுக்கு ஏறக்குறைய 12 முதல் 15 பவுண்டு. நட்பு ஆட்டத்துக்கு அதில் பாதி, மிஞ்சினால் மூன்றில் இரண்டு பங்கு. அதுதான் என் கணக்கில் நியாயமான விலை. பெரும்பாலான சின்னக் கிளப்புகள் 5 முதல் 10 பவுண்டுக்குள்தான் வைக்கின்றன.

இன்னொன்று. நட்பு ஆட்டம்தானே என்று ஒதுக்காதீர்கள். 2002 மே மாதம் பழைய விம்பிள்டன் கிளப்பை லண்டனிலிருந்து மில்டன் கீன்ஸ் என்ற வேறு ஊருக்குக் கொண்டுபோக அனுமதி கிடைத்ததும், ரசிகர்கள் தாங்களே ஏஎஃப்சி விம்பிள்டனைத் தொடங்கினார்கள். அந்த ஜூலை 10ஆம் தேதி சட்டன் யுனைடெட் மைதானத்தில் நடந்த நட்பு ஆட்டம்தான் அவர்களுடைய முதல் ஆட்டம். 0-4 என்று தோற்றார்கள். 4,500 பேருக்கு மேல் வந்ததால் ஆட்டத்தையே தாமதமாகத்தான் தொடங்க முடிந்தது. அன்று உள்ளே வர முண்டியடித்தவர்கள் யாரும் புள்ளிக்காக வரவில்லை.

கேள்வி (ஹாரோ): என்னிடம் சீசன் டிக்கெட் இருக்கிறது. நட்பு ஆட்டத்துக்குத் தனியாகக் கேட்கிறார்கள். சரியா?

சீசன் டிக்கெட் வாங்கும்போது கொடுத்த நிபந்தனையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பல கிளப்புகளில் அது சொந்த மைதான லீக் ஆட்டங்களுக்கு மட்டும்தான். கோப்பை ஆட்டங்களும் நட்பு ஆட்டங்களும் தனி. சில கிளப்புகள் சலுகையாக ஒன்றிரண்டு நட்பு ஆட்டங்களைச் சேர்த்துவிடுகின்றன. பெரிய அணி வரும் ஆட்டத்துக்கு சீசன் டிக்கெட்காரர்களுக்கு முதலில் வாங்கும் உரிமை, விலையில் இரண்டு மூன்று பவுண்டு குறைவு, இவ்வளவாவது கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. மழையிலும் குளிரிலும் வந்து நிற்பவர்கள் அவர்கள்தானே.

கேள்வி (வாட்ஃபோர்ட்): பக்கத்து ஊர் கிளப்புக்கு ஒரு பிரீமியர் லீக் கிளப்பின் "லெவன்" வருகிறது. 15 பவுண்டு. மகனைக் கூட்டிக்கொண்டு போனால் தொலைக்காட்சியில் பார்க்கும் ஆட்டக்காரர்கள் வருவார்களா?

அநேகமாக வர மாட்டார்கள். அறிவிப்பில் கிளப்பின் பெயருக்குப் பின்னால் "லெவன்" என்று இருந்தால், 21 அல்லது 18 வயதுக்குட்பட்ட பையன்கள்தான் பெரும்பாலும் வருவார்கள். காயத்திலிருந்து மீண்டு வரும் மூத்தவர் யாராவது ஒருவர் கூட வரலாம், அவ்வளவுதான்.

முதல் அணியே வருவதும் உண்டு. 2018 ஜூலையில் உனாய் எமெரி ஆர்சனலின் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற பிறகு நடந்த முதல் ஆட்டம் போரம் வுட்டில், ஒரு நான்-லீக் மைதானத்தில். ஆர்சனல் 8-0 என்று வென்றது, ஓபமெயாங் மூன்று கோல் அடித்தார். லிவர்பூலும் பல ஆண்டுகள் பக்கத்துச் சின்ன கிளப்பான டிரான்மியரின் மைதானத்தில் முதல் அணியோடு ஆடியிருக்கிறது. அப்படிப்பட்ட ஆட்டத்துக்கு 15 என்ன, 20 பவுண்டு கேட்டாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். வருவது இளையோர் அணி என்று தெரிந்தும், விளம்பரப் படத்தில் நட்சத்திர ஆட்டக்காரரின் முகத்தைப் போட்டு விற்கிறார்களே, அங்கே. பத்து வயதுப் பையன் அந்த முகத்தைப் பார்த்துத்தான் அப்பாவைக் கெஞ்சியிருப்பான். உள்ளே வந்து ஏமாந்து போனால், அந்தக் குடும்பம் அந்த மைதானத்துக்குத் திரும்ப வராது. "வருவது 21 வயதுக்குட்பட்டோர் அணி" என்று டிக்கெட் பக்கத்திலேயே எழுதிவிட்டு 8 பவுண்டு கேட்கலாம். அப்படி எழுதியும் கூட்டம் வரும், நானே பார்த்திருக்கிறேன். உங்கள் விஷயத்தில், வாங்கும் முன் கிளப்புக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு எந்த அணி என்று நேராகக் கேளுங்கள். தெளிவாகச் சொல்லாவிட்டால் இளையோர் அணி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (அதே நண்பர்): அப்படிப்பட்ட ஆட்டத்தில் வசூல் யாருக்குப் போகும்?

லீக் ஆட்டத்தில் வாசல் வசூல் முழுக்க சொந்த மைதானத்துக்காரருக்கு. நட்பு ஆட்டத்துக்கு அப்படிப் பொது விதி இல்லை, இரண்டு கிளப்பும் பேசிக்கொள்வதுதான். சில சமயம் வருகிறவர்களுக்கு ஒரு நிலையான தொகை, சில சமயம் பங்கு. அக்கம்பக்கத்துச் சின்னக் கிளப்புகள் என்றால் இந்த வருடம் நம் மைதானம், அடுத்த வருடம் அவர்கள் மைதானம், அவரவர் வசூல் அவரவருக்கு.

பெரிய கிளப் மனது வைத்தால் சின்ன கிளப்புக்கு அது பெரிய உதவி. செஸ்டர் எஃப்சி 2010இல் ரசிகர்கள் திரும்பக் கட்டி எழுப்பிய கிளப். 2018 தொடக்கத்தில் பணத்தட்டுப்பாட்டில் மாட்டி, ரசிகர்கள் வாளி ஏந்தி நிதி திரட்டும் நிலை வந்தது. அந்த ஜூலையில் லிவர்பூல் முதல் அணியோடு அங்கே போய் ஆடியது. 7-0 என்று செஸ்டர் தோற்றது. ஆனால் அப்படி ஓர் அணி வந்து அரங்கம் நிறைந்தால், ஒரே பிற்பகலில் பல லீக் ஆட்டங்களின் வசூல் கைக்கு வரும். தோல்வியைப் பற்றி யார் கவலைப்படப்போகிறார்கள்?

கேள்வி (கென்ட், ஒரு கிளப் குழு உறுப்பினர்): எங்களுடையது ஒன்பதாம் அடுக்கு கிளப். 6 பவுண்டா, 8 பவுண்டா என்று குழுவில் தினமும் வாக்குவாதம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

உங்கள் எண்ணிக்கை உங்களுக்குத்தான் தெரியும், கணக்குப் போடும் முறையை மட்டும் சொல்கிறேன். 6 பவுண்டு வைத்தால் 150 பேர் வருவார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெரியவர்கள் 90 பேர், 4 பவுண்டு சலுகையில் முதியோரும் மாணவர்களும் 30 பேர், இலவசமாகக் குழந்தைகள் 30 பேர். வசூல் 540, 120, ஆக 660 பவுண்டு. 8 பவுண்டாக்கி, சலுகை விலையை 5 ஆக்கினால் பெரியவர்கள் 65 ஆகவும் சலுகைக்காரர்கள் 22 ஆகவும் குறையலாம். 520, 110, ஆக 630. விலை ஏறியும் வசூல் குறைகிறது. அதோடு வராமல் போன முப்பத்து மூன்று பேரும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் தேநீரும் பர்கரும் வாங்கவில்லை. ராஃபிள் சீட்டும் எடுக்கவில்லை. அப்புறம் ஆகஸ்டில் அவர்களில் எத்தனை பேர் திரும்ப வருவார்கள் என்பதும் இருக்கிறது.

உங்கள் ஊரில் 8 வைத்தாலும் கூட்டம் குறையாது என்றால் 8 வையுங்கள். போன ஆண்டுகளின் வாசல் கணக்கை எடுத்து மேசையில் வைத்துவிட்டு முடிவெடுங்கள். என் யோசனையைக் கேட்டால் 6.

வாட் எனும் மதிப்புக் கூட்டு வரியையும் மறக்காதீர்கள். வரிக்கு உட்பட்ட விற்றுவரவு ஆண்டுக்கு 90,000 பவுண்டைத் தாண்டினால் கிளப் பதிவு செய்தாக வேண்டும். நுழைவுக் கட்டணத்துக்கு 20 சதவீதம். அதாவது வரி சேர்த்து 6 பவுண்டு வாங்கினால் அதில் 1 பவுண்டு அரசுக்கு. பாரில் நல்ல வியாபாரம் நடக்கும் கிளப்புகள் இந்த எல்லையைச் சீக்கிரமே தொட்டுவிடும்.

கேள்வி (மான்செஸ்டர்): விலையே வைக்காமல் "விரும்பியதைக் கொடுங்கள்" என்றால் என்ன?

உங்கள் ஊரிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. கிளேசர் குடும்பம் மான்செஸ்டர் யுனைடெட்டை வாங்கியதை எதிர்த்து 2005இல் ரசிகர்கள் தொடங்கிய எஃப்சி யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர், சீசன் டிக்கெட்டுக்கு ஒரு குறைந்தபட்சத் தொகை வைத்து, அதற்கு மேல் முடிந்ததைக் கொடுங்கள் என்றது. ஒருவருக்கு ஒரு ஓட்டு என்று நடக்கும் கிளப் அது. கிளப் தங்களுடையது என்று நினைப்பதால் வசதி உள்ளவர்கள் கூடுதலாகக் கொடுக்கிறார்கள்.

அந்தப் பிணைப்பு இல்லாத இடத்தில், வெறும் வாளியை வாசலில் வைத்தால் பலருக்கு எவ்வளவு போடுவது என்றே தெரியாமல் சங்கடமாகிவிடும். "வழக்கமாக 5 பவுண்டு, முடியாதவர்கள் முடிந்ததைப் போடுங்கள்" என்று ஒரு பலகை வைத்தால் அந்தச் சங்கடம் போய்விடும். சீசனின் முதல் நட்பு ஆட்டத்தில் முயன்று பார்க்கத் தகுந்த விஷயம்.

கேள்வி (சட்டன்): நாலு பேர் குடும்பம். செலவு கையைக் கடிக்காதா?

கடிக்காது. பெரும்பாலான சின்னக் கிளப்புகளில் பெரியவருடன் வரும் பிள்ளைகளுக்கு இலவசம் அல்லது ஒன்றிரண்டு பவுண்டு. வயது வரம்பு மட்டும் கிளப்புக்குக் கிளப் மாறும், 12, 16, 18 என்று. உங்கள் நாலு பேருக்கும் சேர்த்தே, பிரீமியர் லீக்கில் ஒரு பெரியவர் டிக்கெட்டைவிடப் பெரும்பாலும் குறைவாகவே முடிந்துவிடும். சாப்பாடு கட்டிக்கொண்டு போனால் பொதுவாக யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்தத் தேநீர்க் கடையில் ஏதாவது ஒன்று வாங்குங்கள், அந்தக் காசு கிளப்புக்குப் போகிறது.

உங்கள் பகுதி மைதானங்கள் நம்மவர்களுக்குப் புதிதல்ல. 2018இல் கோனிஃபா (ஃபிஃபாவில் இல்லாத அணிகளுக்கான அமைப்பு) நடத்திய உலகக் கால்பந்துக் கோப்பை லண்டனைச் சுற்றிய சட்டன், புரோம்லி, என்ஃபீல்ட் போன்ற சின்ன மைதானங்களில்தான் நடந்தது. தமிழீழ அணியும் அதில் ஆடியது. அந்த அணிக்காக அன்று கத்திய குடும்பங்கள் சனிக்கிழமைகளில் அதே மைதானங்களுக்குத் திரும்பப் போக வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி (ரெடிங்): நட்பு ஆட்டத்தில் பியர் கோப்பையோடு மைதான ஓரத்தில் நிற்கலாம் என்றார்கள். போன வாரம் தடுத்துவிட்டார்களே?

எதிரணி ஈஎஃப்எல் கிளப்பாக இருந்திருக்கும். 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஈஎஃப்எல், பிரீமியர் லீக், ஐந்தாம் அடுக்கான நேஷனல் லீக் கிளப் ஒன்று ஆடினாலே, ஆட்டம் தெரியும் இடத்தில் மது அருந்தக் கூடாது. இரண்டும் அதற்குக் கீழான கிளப்புகள் என்றால் அந்தத் தடை இல்லை. வாசல்காரரைத் திட்டாதீர்கள், விதியை அவர் எழுதவில்லை.

கேள்வி (லூட்டன்): என் அம்மா சக்கர நாற்காலியில் வருவார். கூட நானும் போக வேண்டும். இரண்டு டிக்கெட்டா?

பெரும்பாலான கிளப்புகள் உதவியாளருக்குக் காசு வாங்குவதில்லை. அம்மாவுக்குச் சலுகை விலை, உங்களுக்கு இலவசம். முந்தின நாளே சொல்லி வையுங்கள். சின்ன மைதானங்களில் சக்கர நாற்காலி நிறுத்தும் நல்ல இடம் குறைவு, சொன்னால் பிடித்து வைப்பார்கள்.

கேள்வி (ஈஸ்ட் ஹாம்): ஆட்டம் ரத்தானால் பணம் திரும்புமா?

முன்பதிவு செய்திருந்தால் கேளுங்கள், திருப்பித் தருவதுதான் முறை. பதிவுக் கட்டணம் மட்டும் வராமல் போகலாம். அதனால் கூட்டம் அதிகம் வராத ஆட்டத்துக்கு வாசலிலேயே வாங்குங்கள் என்பேன். முன்பதிவில் விலை குறைவு என்றால் மட்டும் இணையத்தில் எடுங்கள்.

கேள்வி (குரோய்டன் பக்கம், புதிதாக வந்த மாணவர்): அண்ணா, நான் இந்த நாட்டுக்கு வந்து சில மாதம்தான். எந்த ஆட்டத்துக்குப் போய்த் தொடங்குவது?

பெரிய பெயரைத் தேடாதீர்கள் தம்பி. நடந்து போகும் தூரத்தில் இருக்கும் கிளப்புக்குப் போங்கள். நான்-லீக் டே என்று ஒரு நாள் 2010இலிருந்து நடக்கிறது. பெரிய லீக்குகள் சர்வதேச ஆட்டங்களுக்காக ஓய்வில் இருக்கும் சனிக்கிழமையில் உள்ளூர் கிளப்புக்குப் போங்கள் என்று கூப்பிடும் நாள். அதைத் தொடங்கியவர், லண்டன் கிளப்பான க்யூபிஆரின் (குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ்) ரசிகர் ஒருவர். டெவனில் டாவிஸ்டாக் என்ற சின்ன ஊருக்குத் தன் அணியின் பிரீ-சீசன் ஆட்டம் பார்க்கப் போனபோதுதான் அவருக்கு அந்த எண்ணம் வந்தது.

மாணவர் அட்டையை எடுத்துப் போங்கள், சலுகை விலை கிடைக்கும். காசு, கார்டு இரண்டும் கையில் இருக்கட்டும், ஒன்றை மட்டும் வாங்கும் வாசல்கள் உண்டு. அணிப் பட்டியலில் "டிரையலிஸ்ட்" என்று பெயரில்லாமல் யாராவது இருந்தால் அவரைக் கவனித்துப் பாருங்கள், ஒப்பந்தம் கிடைக்குமா என்று உயிரைக் கொடுத்து ஆடுவார். கிளம்பும் முன் கிளப்பின் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். நட்பு ஆட்டங்களில் தொடங்கும் நேரமும், சில சமயம் மைதானமுமே கூட, அன்று காலையில் மாறும்.