முதல் நீராவிப் படகு: ஃபிட்ச்சா, ஃபுல்டனா?

கேள்வி: பள்ளிக் கண்காட்சிக்காக என் மகள் முதல் பயணிகள் நீராவிப் படகின் மாதிரி செய்யப் போகிறாள். ஒரு புத்தகத்தில் ராபர்ட் ஃபுல்டன், 1807 என்று இருக்கிறது. இன்னொன்றில் ஜான் ஃபிட்ச், 1790. எதைச் செய்வது, அட்டையில் என்ன எழுதுவது?

பதில்: அட்டையில் இருவர் பெயரும் வரட்டும். 1790 கோடையில் அமெரிக்காவின் டெலவர் ஆற்றில், ஃபிலடெல்ஃபியாவிலிருந்து டிரென்டன் பக்கம், பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, கட்டணம் வாங்கி ஆட்களை ஏற்றிப் போனவர் ஃபிட்ச். படகு நன்றாகவே ஓடியது. ஆனால் ஆற்றை ஒட்டியே சாலை இருந்தது, அதில் குதிரை வண்டிகள் ஓடின. படகுக்குப் போதிய கூட்டம் சேரவில்லை, கட்டுப்படியாகாமல் நின்றுபோனது. இந்த மனிதரைப் பல பாடப்புத்தகங்கள் விட்டுவிடுவதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஃபுல்டனுக்கு வாய்த்த ஆறு வேறு. ஹட்சனில் நியூயார்க்கிலிருந்து ஆல்பனி வரை 150 மைல். பாய்மரப் படகில் போனால் காற்றைப் பொறுத்து நான்கு நாள்கூட ஆகும். 1807 ஆகஸ்டில் ஃபுல்டனின் படகு 32 மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. செப்டம்பரிலேயே பயணிகள் சேவை தொடங்கி, லாபமும் வந்தது. ஆகவே 'கட்டணத்துக்கு ஓடிய முதல் சேவை ஃபிட்ச், லாபத்தில் நிலைத்த முதல் சேவை ஃபுல்டன்' என்று எழுதச் சொல்லுங்கள்.

மாதிரிக்கு ஃபுல்டன் படகுதான் சுலபம். ஃபிட்ச்சின் படகில் பின்பக்கம் துடுப்புகள் தண்ணீரைத் தள்ளும். அந்த அசைவை அட்டையில் கொண்டுவருவது கஷ்டம். ஃபுல்டன் படகு ஒல்லியானது, நீளம் அகலத்தைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு. 40 செ.மீ. நீளத்துக்கு 4 செ.மீ. அகலம் வையுங்கள். இரு பக்கமும் துடுப்புச் சக்கரம், நிஜத்தில் 15 அடி விட்டம். உங்கள் அளவுக்கு 4 செ.மீ. சரியாக வரும். முதல் ஓட்டத்தில் சக்கரங்களுக்கு மூடி கிடையாது, திறந்தே விடுங்கள். நடுவில் உயரமான புகைபோக்கி. அப்புறம் பாய்மரக் கம்பம் இரண்டு. பாயும் கட்டித்தான் ஓட்டினார்கள்.

பல புத்தகங்கள் ஃபுல்டன் படகுக்குச் சொல்லும் 'கிளெர்மான்ட்' என்ற பெயர் பெயர்ப் பலகையில் வேண்டாம். அது வழியில் படகு நின்ற இடம், ஃபுல்டனின் தொழில் கூட்டாளி லிவிங்ஸ்டனின் பண்ணை. அன்று படகை 'நார்த் ரிவர் ஸ்டீம்போட்' என்றுதான் அழைத்தார்கள்.