ரூம்மேட் காரைக் கேட்காமல் எடுத்தது திருட்டா?

தம்பி, தஞ்சாவூரில் உங்களோடு ஒரே அறையில் இருப்பவர் தூங்கும்போது சாவியை எடுத்து, அவர் காரைக் கும்பகோணம் வரை ஓட்டிப்போய், திரும்பும்போது பாபநாசம் பக்கம் பம்பரை இடித்துக்கொண்டு வந்ததாகவும், அவர் போலீசுக்குப் போவேன் என்று சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். "திருப்பி விட்டுட்டேனே, அது எப்படித் திருட்டு?" என்ற கேள்வி எடுபடாது. தற்காலிகமாக எடுத்தாலும் திருட்டாகலாம் என்று உச்ச நீதிமன்றம் 1957-லேயே சொல்லிவிட்டது.

ஆனால் உங்கள் விஷயத்துக்கு நேராகப் பொருந்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 197-வது பிரிவு. அனுமதியில்லாமல் வண்டியை எடுத்து ஓட்டினால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார் என்று நியாயமாக நம்பித்தான் எடுத்தீர்கள் என்பதை நீதிமன்றம் ஏற்றால், அந்தப் பிரிவில் தண்டனை கிடையாது. அதனால் அவர் முன்பு கார் கொடுத்த வாட்ஸ்அப் செய்திகள் இருந்தால் அழித்துவிடாதீர்கள். "என் வண்டியைத் தொடாதே" என்று ஒருமுறை சொல்லியிருந்தாலும் இந்த வாதம் நிற்பது கஷ்டம்.

அப்புறம், லைசென்ஸ் இருக்கிறதா? அதை நீங்கள் சொல்லவே இல்லை. இல்லையென்றால் அது தனிக் குற்றம், இன்சூரன்ஸிலும் சிக்கல் வரும்.

இன்றைக்கே ஒர்க்‌ஷாப்பில் எஸ்டிமேட் வாங்கி, பணத்தோடு போய் அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். அதற்குள் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டுவிட்டால், எதிலும் கையெழுத்துப் போடும் முன்பே ஒரு வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.