30 மாடிக் கலப்புக் கட்டடம்: எந்த இடத்தில் வளைய விடுவது?

கேள்வி: குவாஹாட்டியில் 30 மாடிக்கு எஃகும் கான்கிரீட்டும் கலந்த அமைப்பில் ஆரம்ப டிசைன் செய்கிறோம். தூண்களைத் தடித்த பிளேட்டில் போட்டு, தைவானிலுள்ள தைபே 101 கோபுரம் மாதிரி, ஆட்டத்தைக் குறைக்க மேலே கனமான ஓர் எஃகுக் குண்டையும் தொங்கவிட்டால் நிலநடுக்கத்துக்குப் போதுமா?

போதாது. முதலில் அந்தக் குண்டு. 660 டன், 92ஆவது மாடியிலிருந்து தொங்குகிறது, போகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் படமெடுக்கிறார்கள். ஆனால் அதை வைத்தது முக்கியமாகக் காற்றுக்காக, சூறாவளி நேரத்தில் மேல்மாடியில் இருப்பவர்களுக்குத் தலை சுற்றாமல் இருக்க. நிலநடுக்கத்தில் அதுவே தறிகெட்டு ஆடிவிடக் கூடாதென்று அடியில் தனி வளையம் போட்டிருக்கிறார்கள். அங்கே கட்டடத்தைத் தாங்குவது பக்கத்துக்கு இரண்டாக 8 ராட்சதத் தூண்கள், நடுவில் பிரேஸ் (சாய்வுக் கம்பங்கள்) போட்ட கோர் என்ற மையச் சட்டகம், இரண்டையும் பிணைக்கும் அவுட்ரிகர் என்ற குறுக்குக் கைகள்.

தூண் விஷயத்தில் நீங்கள் நினைப்பது பாதி சரி. அங்கே அடித்தூண் 2.4 மீட்டருக்கு 3 மீட்டர் எஃகுப் பெட்டி, 62ஆவது மாடி வரை உள்ளே கான்கிரீட். கான்கிரீட் இருப்பதால் பிளேட் உள்பக்கம் மடங்காது, பிளேட் சுற்றி இருப்பதால் கான்கிரீட் சிதறாது. ஆனால் பெட்டிக்குள் இருக்கும் குறுக்குத் தகட்டுக்கு அடியில் காற்று தங்கிவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் காகிதத்தோடு சரி, வெளியிலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. கீழிருந்து மேலே பம்ப் செய்வது, தகட்டில் காற்றுப் போக ஓட்டை விடுவது, முதலில் ஒரு மாதிரித் தூண் ஊற்றி அறுத்துப் பார்ப்பது எல்லாவற்றையும் டிராயிங்கிலேயே எழுதிவிடுங்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று: பீமும் தூணும் சேரும் இடம். 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்துக்குப் பிறகு லாஸ் ஏஞ்சலஸ் பக்கம், வெளியே பார்க்க ஒன்றுமே ஆகாத எஃகுக் கட்டடங்களில் பூச்சை உரித்தால் உள்ளே பீமைத் தூணோடு இணைக்கும் வெல்டிங்கில் விரிசல், பெரும்பாலும் கீழ் ஃபிளேஞ்சில் (I வடிவ பீமின் அடித்தகட்டில்). வெல்டிங்கின் தரம் ஒரு காரணம். மேலே ஸ்லாப் (கான்கிரீட் தளம்) சேர்ந்து நிற்பதால் இழுவையெல்லாம் கீழ் ஃபிளேஞ்ச் தலையில் விழுந்தது இன்னொன்று. தைபேயில் பீமின் ஃபிளேஞ்சைத் தூணிலிருந்து கொஞ்சம் தள்ளி, இரு ஓரத்திலும் வளைவாக வெட்டி, வேண்டுமென்றே மெலிய விட்டார்கள். பெரிய ஆட்டத்தில் அந்த இடம் வளையும், வெல்டிங் தப்பிக்கும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் குண்டுக்கு ஒதுக்கும் பணத்தை இந்த இணைப்புக்கும் அதன் சோதனைக்கும் போடுவேன்.

கலப்பு பீமில் பலர் கோட்டை விடுவது இதில்தான்: ஸ்லாப் சேர்ந்ததும் பீமுக்கு வலு ஏறிவிடும். வெறும் எஃகை மட்டும் வைத்து, பீமைவிடத் தூண் வலுவாக இருக்கிறது (முதலில் வளைய வேண்டியது பீம்தான், தூண் அல்ல) என்று செக் போட்டுத் திருப்திப்பட்டால், நிஜத்தில் அது தலைகீழாக இருக்கலாம். ஸ்லாபையும் அதிலுள்ள கம்பியையும் சேர்த்தே போடுங்கள். மெலிய வெட்டிய பகுதியில் ஷியர் ஸ்டட் (பீமையும் ஸ்லாபையும் பிணைக்க வெல்டிங் செய்யும் எஃகு முளை) வேண்டாம். டெக் ஷீட்டுக்கு (ஸ்லாபுக்கு அடியில் வரும் எஃகுத் தகட்டுக்கு) ஆணி அடிப்பவர், ஏசி குழாய்க்கு ஹேங்கர் வெல்டிங் வைப்பவர் யாரும் அதில் கை வைக்கக் கூடாது. அவர்கள் டிராயிங் பார்க்க மாட்டார்கள், அதனால் ஃபேப்ரிகேஷன் ஷாப்பிலேயே அந்த இடத்துக்குச் சிவப்பு பெயின்ட் அடித்து அனுப்பச் சொல்லுங்கள்.