நல்ல நாளில்தான் கவனம் தேவை

வணக்கம். மூன்று வருடமாக இடுப்பு வலி. ஸ்கேனில் டிஸ்க் தேய்மானம் என்று எழுதியிருக்கிறது. அறுவை சிகிச்சை தேவையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலி குறைந்த நாளில் தேங்கிக் கிடக்கும் வேலையையெல்லாம் முடித்துவிடுகிறேன். அடுத்த இரண்டு நாள் படுக்கைதான். "நேற்று நன்றாகத்தானே இருந்தாய்?" என்று வீட்டில் கேட்கும்போது கூசிப்போகிறேன். ஓய்வெடுப்பதா, பல்லைக் கடித்துக்கொண்டு நடமாடுவதா?
— கே.

அன்புள்ள கே.,

முதலில் அந்தக் கூச்சத்தை விடுங்கள். நேற்று ஓடியாடியவரால் இன்று எழ முடியாமல் போவது நாள்பட்ட வலியில் மிகச் சாதாரணம். அது நடிப்பும் இல்லை, சோம்பலும் இல்லை.

3 மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என்பார்கள். தசை, தசைநார்க் காயங்கள் பெரும்பாலும் அதற்குள் ஆறிவிடும். பிறகும் வலி தொடர்ந்தால், சின்னத் தூண்டலுக்குக்கூட வலியை எழுப்பும்படி தண்டுவடமும் மூளையும் கூர்மையாகிவிட்டிருக்கலாம். வலி நிஜம்தான். ஆனால் வலி கூடும்போதெல்லாம் உள்ளே ஏதோ கிழிகிறது என்று அர்த்தமில்லை. ஸ்கேன் அறிக்கையைப் பார்த்தும் கலங்க வேண்டாம். முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் வெளிவந்த ஆய்வில், 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கும், 50 வயதில் 80 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது.

சிறுநீர், மலம் கட்டுக்குள் இல்லாமல் போவது, தொடையிடுக்கில் மரத்துப்போவது, கால் பலமிழப்பது, இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். முதுகுவலியோடு காய்ச்சலோ காரணமில்லாத எடைக் குறைவோ இருந்தால் டாக்டரிடம் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். கீழே சொல்வது இவையெல்லாம் இல்லை என்று உறுதியானவர்களுக்கு.

ஓய்வா, நடமாட்டமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டிலுமே நிறுத்துவதும் தொடங்குவதும் வலியின் கையில் இருக்கிறது. அதைக் கடிகாரத்திடம் கொடுங்கள்.

ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள், உதாரணமாகப் பாத்திரம் கழுவ நிற்பது. ஐந்து நாள், நல்ல நாளும் கெட்ட நாளும் கலந்து, வலி ஏறத் தொடங்கும்வரை எத்தனை நிமிடம் நிற்க முடிகிறது என்று குறியுங்கள். 12, 5, 16, 8, 9 என்று வந்தால் சராசரி 10. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 8. உங்கள் தொடக்க அளவு அதுதான். அலாரம் 8 நிமிடத்தில் அடித்ததும் கையில் சோப்போடு இருக்கும் தட்டை அப்படியே வைத்துவிட்டு உட்காருங்கள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி 8 நிமிடம். நடை, உட்காருதல் ஒவ்வொன்றுக்கும் அளவு வேறாக இருக்கும், தனித்தனியே கணக்கிடுங்கள்.

பெரும்பாலோர் தவறுவது நல்ல நாளில்தான். அலாரம் அடிக்கும்போது வலியே இருக்காது, "இன்னும் நாலு தட்டுதானே" என்று தோன்றும். அந்த நாலு தட்டை விட்டுவிட்டு வருவதுதான் இந்த முறையின் கஷ்டமான பகுதி. வலி வந்தபின் நிறுத்தினால், ஒவ்வொரு முறையும் வேலை வலியில் போய்த்தான் முடியும். உடலும் அந்த வேலையை ஆபத்தாகவே பார்க்கப் பழகிவிடும். ஒரு வாரம் அளவு பிசகாமல் ஓடினால் அடுத்த வாரம் 10 சதவீதம் கூட்டுங்கள்: 8 நிமிடம் சுமார் 9 ஆகும். வலி குறைந்துவிட்டதே என்று ஒரேயடியாக 15-க்குத் தாவ வேண்டாம்.

இப்படிச் செய்தாலும் வலி சில நாள் சீறும். அப்போது அளவைப் பாதியாக்குங்கள், பூஜ்யமாக்காதீர்கள். இரண்டு மூன்று நாளில் படிப்படியாகப் பழைய அளவுக்குத் திரும்பலாம். முழு நாளும் படுத்தே கிடந்தால் தசை தளர்ந்து, இடுப்பு இறுகி, எழும்போது கூடுதலாக வலிக்கும்.

குறிப்பேட்டில் மணிக்கொரு முறை வலிக்கு மதிப்பெண் போடாதீர்கள். கவனம் முழுக்க வலிமேலேயே நிற்கும். செய்த நிமிடங்களை மட்டும் எழுதினால் போதும்.

மாத்திரை போட்டுக்கொண்டு மிச்ச வேலையை முடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றை டாக்டரைக் கேட்காமல் தினமும் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும். நரம்பு வலிக்கென்று ப்ரிகாபலின், கேபாபென்டின் கொடுத்திருந்தால் திடீரென நிறுத்தாதீர்கள். டாக்டர் சொல்லி, மெல்லக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

வீட்டாரிடம் வலியின் அளவை விளக்க முயல்வதைவிட, "8 நிமிடம் செய்வேன், உட்காருவேன், மறுபடி வருவேன். நல்ல நாளிலும் இப்படித்தான்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அலாரம் அடித்தபின் "முடித்துவிட்டு வாயேன்" என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.