துப்பாக்கியைப் பார்த்தீர்கள், மைக்கைக் கவனித்தீர்களா?

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன் போனில் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு விளையாடுகிறான். "கொலை செய்கிற விளையாட்டு, பிசாசின் கண்ணி, போனை வாங்கி உடைத்துப்போடுங்கள்" என்று எங்கள் பாஸ்டர் உபவாசக் கூட்டத்தில் சொன்னார். வாலிபர் கூட்டம் நடத்தும் தம்பியோ, "வேதத்தில் எங்கே தடை இருக்கிறது, அக்கா?" என்கிறார். என் கணவர் வெளிநாட்டில் இருக்கிறார், நான் ஒருத்திதான் சமாளிக்கிறேன். வீடியோ கேம் பாவமா, இல்லையா? போன மாதம் கேட்காமல் என் போனிலிருந்து 1,600 ரூபாய்க்கு டைமண்ட் (அந்த விளையாட்டுக்குள் செலவழிக்கிற காசு) வாங்கியிருக்கிறான்.
(பெயர் வேண்டாம் எனக் கேட்டுக்கொண்ட வாசகி, தூத்துக்குடி)

பதில்: சகோதரி, விளையாடுவது பாவம் இல்லை. உங்கள் பாஸ்டர் சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லை, அந்தத் தம்பி சொன்னதிலும் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்திலேயே முக்கியமான விஷயத்தைக் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். அதற்குக் கட்டாயம் வருகிறேன்.

முதலில் விளையாட்டைப் பற்றி. எருசலேம் மறுபடியும் எழும்பும் நாளைச் சகரியா தீர்க்கதரிசி சொல்லும்போது, தெருவெல்லாம் ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் விளையாடிக்கொண்டிருப்பார்கள் என்கிறார் (சகரியா 8:5). ஆண்டவர் தரும் சமாதானத்துக்கு அவர் காட்டும் அடையாளங்களில் அதுவும் ஒன்று. 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் என்ற இறையியலாளர் இதை விரிவாகவே எழுதிவைத்தார்: உடம்பு களைத்தால் ஓய்வு வேண்டியிருப்பது மாதிரி மனம் களைத்தால் விளையாட்டு வேண்டும், அளவு மீறி விளையாடுவதும் தவறு, தானும் சிரிக்காமல் அடுத்தவர் சந்தோஷத்தையும் கெடுப்பதும் தவறு என்று. இரண்டாவதையும் அவர் பாவக் கணக்கில் சேர்த்ததை நம் சபைகளில் யாரும் பிரசங்கித்து நான் கேட்டதில்லை.

சரி, சுடுகிற விளையாட்டு? திரையில் விழுகிற உருவத்தைச் சுடுவது ஆறாம் கட்டளையை மீறுவது ஆகாது. அங்கே யாரும் சாகவில்லை, யாரையும் கொல்ல வேண்டும் என்று உங்கள் பையன் நினைக்கவும் இல்லை, சுடப்பட்ட பையன் அடுத்த மேட்ச்சில் மறுபடியும் விமானத்திலிருந்து களத்தில் குதிக்கிறான். அதற்காக ரத்தம் தெறிக்கிற எதையும் பிள்ளை கையில் கொடுக்கலாம் என்று நான் சொல்லவில்லை. எந்த வயதுக்கு என்று ஆப் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள், தயவுசெய்து அதைப் படியுங்கள்.

ஆனால் ஒரு நாள் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, திரையைப் பார்க்காமல் காதை மட்டும் கொடுத்துக் கேளுங்கள். நாலு பேர் ஒரு ஸ்குவாட், மைக் திறந்தே இருக்கும். ஒருவன் தவறான இடத்தில் குதித்துவிட்டாலோ, கீழே விழுந்த கூட்டாளியைத் தூக்கிவிட வராமல் போனாலோ, அந்த நிமிஷத்தில் தாயை இழுத்துத் திட்டுகிற வார்த்தைகள் வந்து விழும். எதிர்முனையில் இருப்பவன் மதுரையிலோ கான்பூரிலோ இருக்கும் இன்னொரு தாயின் பிள்ளை. துப்பாக்கி பொய், ஆனால் அந்த வசவு நிஜம். சகோதரனை மூடனே என்று சொல்லுகிறவன் எரிநரகத்துக்கு ஏதுவாயிருப்பான் என்று மத்தேயு 5:22-ல் இயேசு சொன்னது இந்த மைக்குக்குத்தான் நேராகப் பொருந்துகிறது. திரையில் பொய்யாக நடப்பதைப் பார்த்துப் பதறுகிறோம், அதே நேரத்தில் நிஜமாக நடப்பதை விட்டுவிடுகிறோம். உங்கள் பாஸ்டரோடு எனக்குள்ள வழக்கு இதுதான்.

ஆதித் திருச்சபையின் பிதாக்களில் ஒருவரான அகஸ்டின் தன் நண்பன் அலிப்பியுஸைப் பற்றி எழுதியது எனக்கு இங்கே ஞாபகம் வருகிறது. சட்டம் படிக்க ரோமுக்குப் போனவன், வாள்சண்டைக் காட்சிகளை வெறுத்தவன். கூட்டாளிகள் வலுக்கட்டாயமாக இழுத்துப்போனார்கள், அவனும் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒருவன் வெட்டுப்பட்டு விழுந்தபோது கூட்டம் போட்ட கூச்சலில் கண்ணைத் திறந்தான், அப்புறம் அவனால் மூடவே முடியவில்லை. பிறகு மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு அவனே போக ஆரம்பித்தான். காதையும் அடைத்துக்கொண்டிருக்கக் கூடாதா என்று அகஸ்டின் ஆதங்கப்படுகிறார். அங்கே செத்தது உண்மையான மனிதர்கள், அதை உங்கள் பையன் விளையாட்டோடு ஒன்றாக வைக்க மாட்டேன். ஆனால் அலிப்பியுஸை முதலில் கவிழ்த்தது கூட்டத்தின் சத்தம். இன்று அந்தச் சத்தம் ஹெட்போன் வழியாக வருகிறது.

சபைகளுக்கும் இதில் ஒரே குரல் இருந்ததில்லை. 2007-ல் சோனியின் ஒரு விளையாட்டில் மான்செஸ்டர் கதீட்ரலுக்குள் துப்பாக்கிச் சண்டை வருகிறது என்று இங்கிலாந்து திருச்சபை கடுமையாக எதிர்த்தது. துப்பாக்கி வன்முறையால் நிஜமாகவே அவதிப்பட்ட நகரம் அது, அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது, சோனியும் மன்னிப்புக் கேட்டது. அதே ஆண்டு அமெரிக்காவில் பல சபைகள், 17 வயது நிறைந்தவர்களுக்கு என்று முத்திரை போட்ட ஹேலோ 3 என்ற சுடுகிற விளையாட்டைச் சபை ஹாலில் வைத்து, அந்த வயது வராத பையன்களையும் கூப்பிட்டன. சுவிசேஷத்துக்கு இழுக்க அதுதான் வழியாம். மான்செஸ்டர்க்காரர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது, ஆள் சேர்ப்பதற்காகப் பெற்றோர் வீட்டில் கொடுக்காததைச் சபையில் கொடுப்பது எனக்குப் புரியவே இல்லை.

விளையாட்டையே சாட்சியாக்கிய கிறிஸ்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் ரையன் கிரீன், ஏமி கிரீன் தம்பதி, மூளைப் புற்றுநோயோடு போராடிய தங்கள் சின்ன மகன் ஜோயலைப் பற்றி உருவாக்கிய 'தட் டிராகன், கேன்சர்' என்ற வீடியோ கேம் 2016-ல் வெளிவந்தது. பிள்ளை 2014-லேயே ஐந்து வயதில் இறந்துவிட்டான். அதில் ஒரு ஆஸ்பத்திரி அறை வருகிறது. குழந்தை அழுகிறது, விளையாடுகிறவர் எதைச் செய்து பார்த்தாலும் அழுகை நிற்காது, ஜெயிக்க அங்கே வழியே கிடையாது, கடைசியில் தகப்பன் ஜெபிக்கிறார். பிசாசின் கருவி என்று மொத்தமாகச் சொல்கிறவர்கள் இதை எங்கே வைப்பார்கள்?

இனி அந்தத் தம்பிக்கு. "வேதத்தில் தடை இல்லை" என்பது பாதி பதில்தான், தம்பி. எல்லாவற்றையும் அநுபவிக்க எனக்கு அதிகாரமுண்டு என்று சொன்ன பவுல் அதே வசனத்தில் "நான் ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன்" என்று முடிக்கிறார் (1 கொரிந்தியர் 6:12). நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியவில்லை, சாப்பாடு தூக்கம் படிப்பு எல்லாம் பின்னுக்குப் போகிறது, கெடுதல் கண்ணெதிரே தெரிந்தும் தொடர்கிறான் என்றால் அதை நோயாகவே உலக சுகாதார நிறுவனம் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2022 ஜனவரியிலிருந்து அந்தப் பட்டியல் நடைமுறையில் இருக்கிறது. பொதுவாக ஒரு வருஷமாவது இப்படி நீடித்தால்தான் நோய் என்பார்கள், ஆகவே சகோதரி, ஒரு வாரக் கூத்தைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். ஆனால் நீடித்தால் ஜெபத்தோடு சேர்த்து மனநல மருத்துவரிடமும் கூட்டிப்போங்கள், அது அவிசுவாசம் ஆகாது.

இப்போது அந்த 1,600 ரூபாய். டைமண்ட் வாங்கி என்ன செய்தான் என்று கேட்டீர்களா? கடையில் விலை பார்த்து ஒரு உடுப்பு வாங்கினானா, லக் ராயல் என்ற அதிர்ஷ்டச் சக்கரத்தில் சுழற்றினானா? சுழற்றினால் எது விழும் என்று தெரியாது, வேண்டிய துப்பாக்கி ஸ்கின் (துப்பாக்கிக்குப் போடுகிற அலங்காரத் தோற்றம்) விழாது, இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று போகும். காசு கொடுத்து, என்ன கிடைக்கும் என்றே தெரியாமல் திறக்கிற இந்த மாதிரிப் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே பெல்ஜியம் 2018-ல் தீர்மானித்துத் தடுத்தது. சீட்டாட்டத்தைக் கண்டித்து ஒரு மணி நேரம் பேசுகிற நம் மேடைகளில் இதைப் பற்றி ஒரு வார்த்தை வருவதில்லை, அது எனக்கு உண்மையிலேயே மன வேதனை.

அப்புறம், கேட்காமல் எடுத்தது களவு. அதைப் பிசாசின் தலையில் கட்டிவிட்டால் பையன் தப்பித்துக்கொள்வான். எடுத்தது நீதான் என்று நிதானமாகச் சொல்லுங்கள். அந்த 1,600-ஐ அவனுடைய கைச்செலவுக் காசிலிருந்து மாதாமாதம் திருப்பித் தரட்டும். உங்கள் பின் நம்பரை இன்றே மாற்றுங்கள், ப்ளே ஸ்டோரில் வாங்கும்போதெல்லாம் பாஸ்வேர்ட் கேட்கும்படி வையுங்கள். வீடியோ காலில் அவன் அப்பாவும் இதைப் பேச வேண்டும், பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல் வளர்க்கச் சொன்ன எபேசியர் 6:4 பிதாக்களுக்கு எழுதப்பட்டது.

போனை உடைக்காதீர்கள். விளையாடும் நேரத்துக்கு மணிக்கணக்கு வைக்காமல் மேட்ச் கணக்கு வையுங்கள், ஏனென்றால் அது நடுவில் நிறுத்தி வைக்கிற விளையாட்டு இல்லை, சாப்பிடக் கூப்பிட்டதும் எழுந்து வந்தால் மற்ற மூவரையும் நட்டாற்றில் விட்டதாகிவிடும். பள்ளி நாளில் இரண்டு மேட்ச், கூடத்தில் உட்கார்ந்து, ஹெட்போன் இல்லாமல். மைக்கில் என்ன பேசுகிறான் என்று வீடே கேட்கும் என்று தெரிந்தால் வாய் தானாக அடங்கும்.

உங்கள் பாஸ்டரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். அவருக்கு மறுப்பு இருந்தால் எழுதட்டும், அடுத்த இதழில் அப்படியே போடுகிறேன்.