நான்காவது முறை மீளமைக்கலாமா?

வேண்டாம், மாற்றாதீர்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால், அதாவது மற்றவர் செய்த மாற்றத்தை நீக்கிப் பழையபடி ஆக்கினால், தொகுக்க முடியாதபடி தடை விழலாம். ‘நான் போட்டதுதான் சரி’ என்பது அங்கே செல்லாது. 25-ஆவது மணி நேரத்தில் வந்து மாற்றுவதும் உதவாது. நிர்வாகிகளுக்கு அந்தத் தந்திரம் பழசு.

ஜெர்மன் தத்துவவாதி ஷோப்பன்ஹாவர் பிறந்த ஊரை நீங்கள் கிதான்ஸ்க் என்று மாற்ற, எதிர்த் தரப்பு திரும்பத் திரும்ப டான்சிக் ஆக்குகிறது என்கிறீர்கள். இரண்டும் ஒரே ஊர்தான்: கிதான்ஸ்க் போலிஷ் பெயர், டான்சிக் ஜெர்மன் பெயர். அது வம்பு என்று எனக்குத் தோன்றவில்லை. இந்த ஊர்ப் பெயருக்காக ஆங்கில விக்கியில் நீண்ட சண்டை நடந்து, 2005-இல் வாக்கெடுப்பே வைத்தார்கள். 1308 முதல் 1945 வரை டான்சிக், மற்ற காலங்களுக்குக் கிதான்ஸ்க் என்று முடிவானது. ஷோப்பன்ஹாவர் பிறந்தது 1788, ஆகவே டான்சிக்தான். அப்புறம், அந்த முடிவின்படி ஊர்ப் பெயரை மட்டும் மீளமைப்பவருக்கு மூன்று முறை வரம்பிலிருந்து விலக்கும் உண்டு. ஆக, மாட்டப்போவது நீங்கள் மட்டும்தான்.

முதலில் பக்க வரலாற்றில் எதிர்த் தரப்பு எழுதிய தொகுப்புச் சுருக்கங்களை (ஒவ்வொரு மாற்றத்துக்கும் தரும் சிறு குறிப்புகளை) படியுங்கள். வாக்கெடுப்பைச் சுட்டியிருந்தால் விஷயம் முடிந்தது. இல்லையென்றால் அந்தக் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் எழுதுங்கள். ஜெர்மானியர் வாழ்க்கை வரலாறு என்பதால், டான்சிக் என்று எழுதி அடைப்புக்குறிக்குள் கிதான்ஸ்க் சேர்க்க அதே முடிவில் வழி இருக்கிறது. அதைக் கேளுங்கள், கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

அதுவும் ஒத்துவரவில்லையா? தகராறு இருவருக்குள்தான் என்பதால் ‘மூன்றாம் கருத்து’, அதாவது சம்பந்தப்படாத வேறொரு பயனரின் கருத்து, கோரலாம். ஆனால் அது ஆலோசனைதான், தீர்ப்பு இல்லை. நண்பரை அழைத்துவந்து உங்கள் பக்கம் பேச வைப்பது மட்டும் வேண்டாம். அதற்கும் தடை உண்டு.

இதெல்லாம் ஆங்கில விக்கிக்கு. மற்ற மொழி விக்கிகளுக்கு அவரவர் விதி.