‘எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று கையெழுத்துப் போட்டால்தான் சாவியா?

கேள்வி: மேடவாக்கம் பக்கத்தில் 1,080 சதுர அடி ஃபிளாட்டுக்கு 2021 மார்ச்சில் ஒப்பந்தம் போட்டோம். விலை 66 லட்சம். 2023 தொடக்கத்திலேயே 60 லட்சம் கட்டி முடித்துவிட்டோம். அதில் 45 லட்சம் வங்கிக் கடன். ஆறு மாத கிரேஸ் உட்பட 2023 செப்டம்பர் 30-க்குள் வீட்டை ஒப்படைக்க வேண்டும். யுடிஎஸ் (நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு) எங்கள் பெயரில் பதிவாகிவிட்டது. இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்தடித்துவிட்டு, இப்போது ‘வீடு ரெடி, சாவி வாங்கிக்கொள்ளுங்கள்’ என்கிறார் பில்டர். சிசி (பணி நிறைவுச் சான்றிதழ்) வரவில்லை, அது வெறும் ஃபார்மாலிட்டியாம். தாமதத்துக்காக எந்தக் கோரிக்கையும் வைக்க மாட்டோம் என்று ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்துப் போட்டால்தான் சாவி தருவாராம். மிச்சாங் புயலால்தான் தாமதம் என்றும், யுடிஎஸ் பதிவான பிறகு ரேராவுக்கு (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) போக முடியாது என்றும் சொல்கிறார். வேண்டுமானால் ஒப்பந்தப்படி சதுர அடிக்கு மாதம் 5 ரூபாய் தருவாராம். நாங்கள் ஒரு தவணை தாமதித்தபோது 18 சதவீத வட்டி வாங்கினார். திறந்தவெளி கார் பார்க்கிங்குக்கு வேறு தனியாக 3 லட்சம் வாங்கியிருக்கிறார். ஒரு பக்கம் வாடகை, ஒரு பக்கம் இஎம்ஐ. கையெழுத்துப் போட்டுவிடலாமா?
– வாசகி, பள்ளிக்கரணை

பதில்: போடாதீர்கள். மற்ற எல்லாவற்றையும் அப்புறம் சரிசெய்துகொள்ளலாம். இந்த ஒரு கையெழுத்தை மட்டும் திரும்பப் பெறுவது மிகவும் கஷ்டம்.

ஏன் என்று சொல்கிறேன். பெங்களூரில் தாமதமாக வீடு கிடைத்தவர்கள் தொடுத்த ஒரு வழக்கில், 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சாவி வாங்கியதாலோ, கிரயப் பத்திரம் பதிவு செய்துகொண்டதாலோ தாமதத்துக்கான இழப்பீட்டு உரிமை போய்விடாது என்றது. உரிமையை விட்டுக் கொடுத்தால்தான் வீடு என்று பில்டர் நிபந்தனை போட்டதையும் நியாயமில்லை என்றது. ஆனால் அதே தீர்ப்பில், பில்டரோடு தனியாக சமரசப் பத்திரம் எழுதிக்கொண்டவர்களுக்கு அந்த நிவாரணம் கிடைக்கவில்லை. உங்கள் பில்டரின் வக்கீலும் அதைப் படித்திருப்பார். ‘சும்மா ஒரு ஃபார்மாலிட்டிக்கு’ என்று நீட்டும் அந்த ஸ்டாம்ப் பேப்பர் எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும்.

அதன் விலை என்ன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ரேரா சட்டத்தின் 18-வது பிரிவுப்படி, திட்டத்திலேயே தொடர விரும்பும் வாங்குபவருக்கு, வீட்டை ஒப்படைக்கும் வரை தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் பில்டர் வட்டி தர வேண்டும். தமிழ்நாடு விதிகளின்படி அந்த வட்டி, ஸ்டேட் வங்கியின் உச்ச எம்சிஎல்ஆர் (வங்கி கடன் தரும் அடிப்படை வட்டி) விகிதத்தோடு 2 சதவீதம் சேர்த்தது. சமீப ஆண்டுகளில் இது 10 சதவீதத்துக்கு மேல்தான் வருகிறது. வசதிக்காக 10 என்றே வைத்துக்கொள்வோம். 60 லட்சத்துக்கு மாதம் 50,000 ரூபாய், வருடத்துக்கு 6 லட்சம். பில்டர் தருவதாகச் சொல்லும் சதுர அடிக்கு 5 ரூபாய்க் கணக்கில் மாதம் 5,400 ரூபாய்தான் வரும். இரண்டு வருடத்துக்கு மட்டும் பார்த்தாலும் 12 லட்சத்தை ஒரு கையெழுத்தில் விட்டுவிடச் சொல்கிறார். செப்டம்பர் 2023-க்குப் பிறகு ஏதாவது தொகை கட்டியிருந்தால், அதற்கு மட்டும் கட்டிய தேதியிலிருந்து வட்டி கணக்கிடுங்கள்.

‘ஒப்பந்தத்தில் 5 ரூபாய் என்றுதானே இருக்கிறது, நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே’ என்பார். இப்படி ஒரு பக்கமாகச் சாய்ந்த ஷரத்துகள் வாங்குபவரைக் கட்டுப்படுத்தாது என்று 2019 ஏப்ரலிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாங்குபவர் தாமதித்தாலும் பில்டர் தாமதித்தாலும் வட்டி விகிதம் ஒன்றேதான் என்று ரேரா சட்டத்தின் வரையறையிலேயே இருக்கிறது. உங்களிடம் வாங்கிய அந்த 18 சதவீத வட்டிக்கு ரசீது இருக்கிறதா? இருந்தால் பத்திரமாக வையுங்கள். அதிகமாக வாங்கியதையும் சேர்த்தே கேட்கலாம்.

புயல் கதைக்கு வருவோம். வெள்ளம், புயல் போன்ற இயற்கைப் பேரிடருக்குச் சட்டத்தில் இடம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மிச்சாங் சென்னையைப் புரட்டிப் போட்டது 2023 டிசம்பர் முதல் வாரத்தில். உங்கள் வீட்டுக்கான கெடு முடிந்தது செப்டம்பர் 30. கெடு முடிந்து இரண்டு மாதம் கழித்து வந்த புயலைக் காட்டி, அதற்கு முன்பே தவறிய கெடுவை எப்படி நியாயப்படுத்த முடியும்? ஒருவேளை ரேரா பதிவுக்கு அவர் கால நீட்டிப்பு வாங்கியிருக்கலாம். அது அவருக்கும் ஆணையத்துக்கும் இடையிலானது. உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள தேதியை அது மாற்றாது.

யுடிஎஸ் விஷயம் நம்ம ஊருக்கே உரிய குழப்பம். நிலத்தில் பிரிக்கப்படாத பங்கை முதலில் கிரயம் செய்துவிட்டு, கட்டடத்துக்குத் தனியாகக் கட்டுமான ஒப்பந்தம் போடுவது சென்னையில் வெகுகாலமாக நடக்கும் பழக்கம். 2023 டிசம்பரிலிருந்து, நிலம் கட்டடம் இரண்டையும் சேர்த்து ஒரே மதிப்பில் பதிவு செய்யும் முறை வந்துவிட்டது. உங்களுடையது பழைய முறை. ‘நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டோம், நீங்கள் இப்போது ஓனர், நாங்கள் வெறும் கான்ட்ராக்டர்’ என்று சொல்லிப் பார்ப்பார்கள். சட்டத்தின் கண்ணில், வீடு ஒதுக்கப்பட்டவரும் விற்கப்பட்டவரும் ஒன்றுதான். இரண்டு பேருமே ரேராவுக்குப் போகலாம்.

உங்கள் யுடிஎஸ் பத்திரத்தின் முதல் பக்கத்தைப் பாருங்கள். விற்பவர் என்று நில உரிமையாளரின் பெயரும், அவருடைய பவர் ஏஜென்ட் என்று பில்டரின் பெயரும் இருந்தால், அது ஜாயின்ட் வென்ச்சர். அப்படியானால் நில உரிமையாளரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். சட்டப்படி அவரும் ப்ரமோட்டர்தான், அதாவது பில்டரைப் போலவே பொறுப்பு உள்ளவர். இதை விட்டுவிட்டு மனுப் போட்டு, பில்டர் நிறுவனத்தின் கணக்கில் பணமே இல்லை என்று பிறகு தெரிந்து கையைப் பிசைபவர்கள் நிறைய.

இனி சிசி. எனக்கு உங்கள் கடிதத்தில் மிகவும் உறுத்தியது இதுதான். பணி நிறைவுச் சான்றிதழ் ஃபார்மாலிட்டி என்றால் அதை வாங்கித் தர வேண்டியதுதானே? அனுமதித்த வரைபடப்படி கட்டியிருந்தால் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அதைத் தராமல் வைத்திருக்கக் காரணமில்லை. ஒன்று, அவர் இன்னும் விண்ணப்பிக்கவே இல்லை. இல்லையென்றால் கட்டடத்தில் விதிமீறல் இருக்கிறது. அனுமதி பெற்ற வரைபடத்தைப் பில்டரிடம் எழுத்தில் கேளுங்கள். ரேரா சட்டத்தின் 19-வது பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. ரேரா இணையதளத்தில் திட்டத்தின் பதிவு எண்ணைப் போட்டும் பாருங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வரைபடத்தையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு போங்கள். மாடிகளை எண்ணுங்கள். மதில் சுவரிலிருந்து கட்டடச் சுவர் வரை நான்கு பக்கமும் அளந்து, வரைபடத்தில் உள்ள செட்பேக்கோடு (கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய காலியிடம்) ஒப்பிடுங்கள். ஸ்டில்ட்டில் (தூண்கள் மட்டும் நிற்கும் தரைத்தளம்) வரைபடத்தில் இல்லாத அறை ஏதும் முளைத்திருக்கிறதா பாருங்கள். ‘வாட்ச்மேன் ரூம்’ என்று ஆரம்பித்து ஜிம் ஆகியிருக்கும். மேலே கூடுதல் மாடி ஏறியிருந்தால் விஷயம் பெரிது. அந்த வீடுகளுக்கான யுடிஎஸ் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். கட்டடத்தின் பொது வரைபடத்தை மாற்ற, வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். உங்களிடம் யாராவது கேட்டார்களா?

சிசி இல்லாமல் குடியேறினால் என்ன ஆகும்? நிரந்தர மின் இணைப்பு கிடைக்காது. கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக இணைப்பிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று பில்டரே வசூல் செய்வார். குடிநீர், கழிவுநீர் இணைப்புக்கும் இதே கதி, லாரித் தண்ணீர்தான். நாளை விற்கப் போனால் வாங்குபவரின் வங்கி முதலில் கேட்பது சிசியைத்தான். சான்றிதழ் வந்த இரண்டு மாதத்துக்குள் வீட்டை எடுத்துக்கொள்வதுதான் சட்டப்படி உங்கள் கடமை. அது வராத வரை, சாவி வாங்க மறுத்தால் தவறு உங்கள் மேல் வராது. ‘கடிதம் கொடுத்த தேதியிலிருந்து மெயின்டனன்ஸ் ஓடும்’ என்ற மிரட்டலுக்கும் அசர வேண்டாம்.

வாடகையும் இஎம்ஐயும் சேர்ந்து கழுத்தை நெரிக்கிறது, குடியேறியே ஆக வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. அந்த ஸ்டாம்ப் பேப்பரைத் தொடாமல், ‘பணி நிறைவுச் சான்றிதழ் இல்லாத நிலையில், தாமத வட்டி உட்பட எனது எல்லா உரிமைகளுக்கும் பாதகமின்றி, ஆட்சேபத்துடன் சாவியைப் பெற்றுக்கொள்ளத் தயார்’ என்று ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். கையெழுத்தில்லாமல் சாவி தர முடியாது என்று அவர் பதில் எழுதினால், அந்தப் பதிலே உங்களுக்கு நல்ல சாட்சி. போனில் சொன்னால், ‘நீங்கள் போனில் சொன்னபடி’ என்று தொடங்கி ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.

பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வெளியேறலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் அந்த வழியும் திறந்தே இருக்கிறது. குறித்த தேதியில் வீடு தராவிட்டால் வட்டியோடு பணத்தைத் திரும்பப் பெறுவது நிபந்தனையற்ற உரிமை என்று 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் இடத்தில் இருந்தால் நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். வரும் பணத்தில் வங்கிக் கடன் முதலில் கழியும். யுடிஎஸ் பத்திரத்தை ரத்து செய்து கொடுக்க வேண்டும். முத்திரைத் தீர்வைக்காகத் தனியாகப் போராட வேண்டும். மெட்ரோவின் ஐந்தாவது வழித்தடம் மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூருக்கு வந்துகொண்டிருக்கும் நேரத்தில், 2021 விலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு வீடு கிடைக்காது. அளந்து பார்த்ததில் விதிமீறல் பெரிதாக இருந்தால் மட்டும் இதை யோசியுங்கள். எந்த வழியில் போனாலும் இஎம்ஐயை நிறுத்தாதீர்கள். பில்டர் மேல் உள்ள கோபத்தை வங்கியிடம் காட்டினால், சிபில் ஸ்கோர்தான் அடிபடும்.

புகார் செய்ய வேண்டிய இடம் எழும்பூர் காந்தி இர்வின் பாலச் சாலையில் உள்ள ரேரா ஆணையம். வட்டிக்கு ‘ஃபார்ம் எம்’. வாடகை, மன உளைச்சல் போன்ற இழப்பீட்டுக்குத் தீர்ப்பளிக்கும் அலுவலரிடம் ‘ஃபார்ம் என்’. இரண்டாவதில் எவ்வளவு கிடைக்கும் என்பது ஆதாரத்தைப் பொறுத்தது, அதை நம்பி இருக்க வேண்டாம். மாநில நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், ஆனால் ஒரே நிவாரணத்துக்கு இரண்டு இடத்திலும் ஏறாதீர்கள். உத்தரவு வந்தும் பணம் வராவிட்டால், நில வருவாய் நிலுவை போல வசூலிக்கச் சட்டம் இருக்கிறது. கலெக்டர் அலுவலகத்தில் அது மெதுவாகத்தான் நகரும், பொறுமை வேண்டும். உங்களுக்குச் சாதகம் இன்னொன்றில் இருக்கிறது. பில்டர் மேல்முறையீடு செய்ய வேண்டுமானால், உங்களுக்குத் தர வேண்டிய முழுத் தொகையையும் வட்டியோடு முன்கூட்டியே கட்ட வேண்டும். பல பில்டர்கள் அந்தக் கட்டத்தில்தான் பேச்சுவார்த்தைக்கு இறங்கி வருகிறார்கள்.

கடைசியாகக் கார் பார்க்கிங். திறந்தவெளி பார்க்கிங் ரேரா சட்டப்படி பொது இடம். அதைத் தனியாக விற்க பில்டருக்கு உரிமை இல்லை. அந்த 3 லட்சத்துக்கு ரசீதில் என்ன பெயர் போட்டிருக்கிறார் என்று பாருங்கள். ‘பார்க்கிங்’ என்றே எழுதியிருந்தால் புகாரிலேயே சேர்த்துவிடுங்கள். ‘அமெனிட்டீஸ்’ என்று மழுப்பியிருந்தால், பார்க்கிங் எண் குறித்து அவர் அனுப்பிய ஒதுக்கீட்டுக் கடிதத்தையோ வாட்ஸ்அப் செய்தியையோ தேடி எடுத்து ரசீதோடு இணையுங்கள்.